மோவாய் நெஞ்சில் படணும், நைனா

சோறு ஊட்டுவது பெற்றவள் செய்கிற வேலை, அதற்குத் தனியாக ஆள் எதற்கு என்று கேட்கிறவர்கள் நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு ஒரு வேளை ஊட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். நான் ஒரு வருஷமும் நாலு மாசமும் அதைத்தான் செய்தேன். பத்தாவதில் கணக்கு போய்விட்டது. மறுபடி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவள். அங்கே தைக்கிற பேச்சியம்மாள் அக்கா, பகலில் தன் வீட்டுக்காரருக்கு ஊட்டி விடப் பொறுமையான பெண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா என்னை அனுப்பினாள். பொறுமை என்கிற வார்த்தையை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த ஆள் பெயர் சங்கரபாண்டி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர், மெடிக்கல் லீவில் குவார்ட்டர்ஸில் இருந்தார். அவர் உடம்பு அவரைக் கேட்காமலே ஆடும். கை வீசும், தோள் குலுங்கும், கழுத்து வெட்டும், நாக்கு தானாக வெளியே வந்து போகும். தூங்கினால் மட்டும் எல்லாம் நிற்கும். தொண்டையும் சதைதானே, அதுவும் ஆடும். சோறு இறங்குகிற நேரம் பார்த்து அது ஆடினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமி வெளியே வந்தால் பிழைத்தோம். வராமல் உள்ளே தங்கினால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும், இந்த வியாதிக்காரர்கள் அந்தக் காய்ச்சலில்தான் போவார்கள் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். இருமல் அதிகமானால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுவிடுவார்கள். அவருக்குக் குழாய் வேண்டாம். சாகிற வரைக்கும் வாயால் சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் சாப்பிடும்போது நீங்களும் சேர்ந்து எச்சில் விழுங்குவீர்கள். எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

பள்ளம் வெட்டிய டம்ளர்

முதல் நாள் பேச்சியம்மாள் அக்கா தண்ணீர் கொடுத்துக் காட்டினார். அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, செம்பை ஒரு சாண் தூக்கி, வாயில் ஊற்றினார். நம் வீடுகளில் எல்லாரும் அப்படித்தானே குடிக்கிறோம். உதட்டில் வைத்துக் குடித்தால் எச்சில், அடி விழும். ஊற்றின தண்ணீர் பாதி மூக்கில் வந்தது, மீதி எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. தினமும் ஆறு தடவை இப்படித்தான் நடந்திருக்கிறது. அன்பாகத்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவர் இருந்தார். அக்கா ஊற்றுவதைப் பார்த்துவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாந்தால் மூச்சுக்குழாய்க்கு வாசல் திறந்து விடுகிற மாதிரியாம். மோவாய் நெஞ்சில் படுகிற மாதிரிக் குனிந்து, உதட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சணும். குனிந்தால் டம்ளர் விளிம்பு மூக்கில் இடிக்குமே? அதற்காக ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து, மூக்குக்கு இடம் விட்டுக் கத்தரியால் ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தார். தண்ணீரும் தண்ணீராக இருக்கக் கூடாது, ஆரோரூட் மாவு போட்டுக் காய்ச்சிக் கொழகொழவென்று ஆக்க வேண்டும். சங்கரபாண்டி அந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சு குழறும், வார்த்தைக்கு வார்த்தை நாக்கு குறுக்கே வரும். சொன்னது இதுதான்: "நாப்பத்தெட்டு வயசுல எச்சிப் பண்ணிக் குடிக்கச் சொல்லுதீங்க. எனக்குப் பரவால்ல, தண்ணிக்கே வெக்கமா இருக்கும்."

ஒரு வேளைச் சாப்பாடு

எப்படி ஊட்டுவது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தணும். ரேடியோவை நிறுத்தணும். யாராவது வந்தாலே ஆட்டம் கூடும். கை வைத்த இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து, ரெண்டு பக்கமும் தலையணை சொருகி, கால் தரையில் பதிய வைக்கணும். குழையக் குழைய வடித்த சோறு, பருப்பு, நெய், மசித்தது. அரை ஸ்பூன். இரும்பு ஸ்பூன் கூடாது, திடீரென்று கடித்தால் பல் போய்விடும். ஸ்பூனால் நாக்கை லேசாக அமுக்கி, சோற்றை வைத்து, வெளியே எடுத்து, "மோவாய் நெஞ்சில படணும், நைனா. முழுங்கு. இன்னொரு தபா முழுங்கு. இப்போ இருமு" என்று சொல்லணும். அப்புறம் அடுத்த அரை ஸ்பூன். ஒரு வேளைக்கு ஒண்ணே கால் மணி நேரம். பேச்சியம்மாள் அக்காவுக்கு நான் அவரை நைனா என்பதும், துன்னு என்பதும் பிடிக்கவில்லை. "ஏட்டி, சாப்பிடுங்கன்னு சொல்லேன், வாயில முள்ளா குத்துது?" என்பார். அவருக்குப் பிடித்திருந்தது. சிரிப்பார். சிரித்தால் புரையேறும், அதனால் சிரிக்காதே என்றும் நான்தான் சொல்லணும்.

ஒரு நாள் எதிர் வீட்டுக்குக் கேபிள் வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குப் படம். நான் ஒண்ணரை மணிக்கே ஊட்ட ஆரம்பித்து, முழு ஸ்பூன், ரெண்டாவது முழுங்கல் இல்லை, இருமச் சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கு. பன்னிரண்டாவது வாயில் அடைத்தது. சத்தமே வரவில்லை. சத்தம் வராத அடைப்புதான் மோசம். முதுகில் நாலு போட்டேன், ஐந்தாவதில் வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கு அவர் கையைவிட என் கைதான் ஆடியது. மூச்சு வந்ததும் அவர் திட்டுவார் என்று நின்றேன். எதிர் வீட்டில் பாட்டுச் சத்தம். அவர் சொன்னது: "நீ படத்துக்குப் போ பிள்ளே. சோறு எங்கயும் ஓடிராது, வந்து போடு."

உச்சந்தலையில் தட்டியவர்

ஃபேக்டரியில் அவர் கூட வேலை பார்த்த ஒருவர் பார்க்க வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்த முடியாது. நண்பரைப் பார்த்த சந்தோஷத்தில் நைனாவுக்குத் தோள் குலுங்கியது, கழுத்து வெட்டியது, புரையேறிவிட்டது. நான் குனிய வைப்பதற்குள் வந்தவர் எழுந்து, உச்சந்தலையில் டப் டப் என்று தட்ட ஆரம்பித்தார். நாம் எல்லாரும் செய்வதுதான். தட்டினால் தலை நிமிரும், நிமிர்ந்தால் இன்னும் உள்ளே போகும். "தட்டாதீங்க சார்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் கோபம். "யாரோ நினைக்கிறாங்கம்மா, அதான் புரை ஏறுது, இதுகூடத் தெரியாதா?" என்றார்.

நைனா கண்ணில் தண்ணீர் வடிய இருமி முடித்தார். வாயைத் துடைத்து விட்டேன். வந்தவரைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை எனக்குப் பொர ஏறுது. இத்தன பேரு நெனைக்கியளா? ஒருத்தனும் வந்து பாக்கலையே, மக்கா."

ரயிலில்

மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆவடியிலிருந்து ரயில். அக்கா ஒரு கை, நான் ஒரு கை. பிளாட்ஃபாரத்தில் அவர் நடப்பதைப் பார்த்து எல்லாரும் ஒதுங்குவார்கள். காலை எட்டு மணிக்கே ஏற்றிவிட்டான் என்று முணுமுணுப்பார்கள். அக்கா யாரிடமும் மறுத்துப் பேச மாட்டார். குவார்ட்டர்ஸிலும் பாதிப் பேர் குடி என்றுதான் நினைத்தார்கள், அவர் அதையும் மறுக்கவில்லை. ஏன் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. குடிகார அப்பனின் பெண்ணுக்கு வரன் கிடைக்கும். இந்த வியாதிக்காரரின் பெண்ணுக்குக் கிடைக்காது. இது பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திருமுல்லைவாயிலில் ஏறின ஒரு ஆள், நைனாவின் கை வீசித் தன் பேப்பரில் பட்டதும் எழுந்துவிட்டார். "குடிச்சா ஊட்டுல கெட. பொம்பளைங்க கூட வந்துகினு இன்னாத்துக்கு எங்க உயிரை வாங்குற?" என்றார். நான் வாயைத் திறந்தேன், அக்கா என் கையைக் கிள்ளினார். நைனாவே பதில் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது: "ஒரு வாய் தண்ணி குடிக்கத் தெரியல தம்பி. அதப் படிக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

காலண்டர் தாள்

மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். சாப்பிடும்போது எத்தனை தடவை புரையேறுகிறது என்று குறித்து வைக்கணும். நான் தினசரிக் காலண்டர் தாளிலேயே பென்சிலால் கோடு போடுவேன். நாள் முடிந்ததும் கிழித்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்து, மாசக் கடைசியில் மேடத்திடம் கொடுப்பேன். ஆறு கோடு, ஏழு கோடு. பத்தைத் தாண்டினால் குழாயைப் பற்றிப் பேசணும் என்று மேடம் சொல்லியிருந்தார். தாண்ட ஆரம்பித்தது. பதினொன்று. பதினாலு.

நைனா தாளைக் காட்டச் சொன்னார். பார்த்தார். பென்சில் அழிக்கிற ரப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழித்தேன். அவர் கேட்டாரா, நானாகச் செய்தேனா என்று கேட்டால், ரெண்டும்தான். குழாய் போட்டால் எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை, அதுவும் ஒரு காரணம். மறைக்க என்ன இருக்கு. பதினாலு ஐந்தானது. அக்காவுக்கும் தெரியாது. அந்த மாசம் மேடம் கட்டைப் பிரித்துப் புரட்டிப் பார்த்து, எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். அது வாயில் கரையவே இல்லை. அவர் சொன்னது: "என்கிட்ட வர்றதுலயே நல்லா விழுங்குறவர் இவர்தான். உன் கை ராசிம்மா."

பெண் பார்க்க வந்தவர்கள்

மகள் கோமதிக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலை தேடிப் பகலெல்லாம் அலைந்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயப்பன்தாங்கலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன், அம்மா, அப்பா, பெரியப்பா. நைனாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லியிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கணும், பத்தே நிமிஷம், அப்புறம் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். இதுதான் ஏற்பாடு. எனக்கு அக்கா தன் புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, தூரத்துச் சொந்தம் என்று சொல்லச் சொன்னார். "நீ மட்டும் வாயத் தெறக்காத. தெறந்தா நம்ம ஊர்க்காரி இல்லன்னு தெரிஞ்சுரும்" என்றார். பள்ளம் வெட்டிய டம்ளரைச் சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

கோமதி தட்டில் காபி கொண்டு வந்தாள். பையனின் அம்மா நல்ல மாதிரி. "முதல்ல உங்கப்பாவுக்குக் குடும்மா" என்றார். கோமதி நின்றுவிட்டாள். நைனா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் எவர்சில்வர் டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்தார். உதட்டில் வைத்து உறிஞ்சியிருந்தால்கூட ஓரளவு தப்பித்திருப்பார். சம்பந்தி வீட்டார் முன்னால் எச்சில் பண்ணிக் குடிக்க அவருக்கு மனசு வரவில்லை. தலையை நிமிர்த்தி, டம்ளரை உயர்த்தி, ஆம்பளை மாதிரி ஊற்றிக்கொண்டார். முதல் வாய் இறங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ரெண்டாவது வாயில் கழுத்து வெட்டியது.

சட்டையில் கொட்டினது பெரிதில்லை. உள்ளே போனது எனக்குத் தெரிந்தது, அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். உடனே இருமியிருக்கணும். அவர் இருமவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கட்ட, வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "இருமு நைனா" என்று நான் கத்தியிருக்கணும். ஒரு வருஷமாகத் தினமும் நூறு தடவை சொன்ன வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சொன்னதற்காக இல்லை, பயந்துவிட்டேன், அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து வந்து அவர் உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தார். சொன்னார்: "கல்யாணப் பேச்சு நடக்கிறப்போ புரை ஏறினா ரொம்ப நல்ல சகுனம்."

கோமதி பண்ணின போன்

மறுநாளே பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நைனாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சு கர்கர் என்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குச் சாயங்காலம் கோமதி என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு பையனின் அம்மாவிடம் பேசினாள். அப்பாவுக்கு இன்ன வியாதி, அவருடைய அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். உங்கம்மா கொன்னுடும் என்றேன். அவள் புடவைத் தலைப்பால் போனைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். "ரெண்டு வாய் காபிக்காக அப்பா இவ்ளோ பட்டாச்சு. அந்தப் பொய்ய நானும் முழுங்கணுமா?"

குழாய்

குழாய் போட்டார்கள். அவர் கை அதைப் பிடுங்கியது. கோபத்தில் இல்லை, கை வீசும்போது விரலில் மாட்டும், வந்துவிடும். மறுபடி போட்டார்கள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை போட்டுவிட்டுக் கையைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். வேறு வழி இல்லைதான். ஆனால் கட்டினால் உடம்பு இன்னும் ஆடியது, கட்டில் நகர்ந்தது. அவருடைய அப்பாவைப் பேய் பிடித்தது என்று சொல்லி ஒரு கோவில் மண்டபத் தூணில் கட்டிப் போட்டிருந்தார்களாம், அப்போது இவருக்குப் பத்து வயசு. அக்கா அதைச் சொல்லிவிட்டு வார்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவே இல்லை.

மேடம் வந்தார். நான் காலண்டர் தாள் விஷயத்தைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோடு குறைஞ்சா இருமல் குறையாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனாவின் மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தார். சிவந்து கன்றிப்போயிருந்தது.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கினதும் நைனா வீட்டுக்குப் போகணும் என்றார். குழாய் இல்லாமல் போனால் வாயால் சாப்பிடணும், சாப்பிட்டால் மறுபடி உள்ளே போகும், அடுத்த காய்ச்சலைத் தாங்க மாட்டார். டாக்டர் இதை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். நைனா மூன்று தடவையும் வீடு என்றார். அக்கா எழுந்து வந்து, அவர் இஷ்டம் என்றார். எழுதிக் கொடுக்கணும் என்றார்கள். நூலிழை பிசகாமல் இரும்பை அராவின கை, ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை. கைநாட்டு வைக்கலாம் என்று நான் கட்டை விரலைப் பிடித்து அழுத்தினேன். அது தாள் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. டாக்டர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ரேகை இல்ல, தேர் போன தடம். பரவாயில்ல, யார் வெச்சதுன்னு இதுலதான் நல்லாத் தெரியுது."

சொதி

வீட்டில் ஐந்து வாரம் இருந்தார். நான் ஒழுங்காக ஊட்டினேன். அரை ஸ்பூன்கூட இல்லை, கால் ஸ்பூன். கோடு போடுவதை நிறுத்திவிட்டோம், கொடுக்க ஆள் இல்லை. அவர் இளைத்து, சட்டை தனியாகவும் அவர் தனியாகவும் ஆடுகிற மாதிரி இருந்தார். ஒரு நாள் சொதி வேண்டும் என்றார். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு அது, தண்ணியாகத்தான் இருக்கும். மாவு போட்டுக் கெட்டியாக்கட்டுமா என்றேன். தலையை ஆட்டினார். அவர் தலை எப்போதும் ஆடுவதுதான், ஆனால் வேண்டாம் என்று ஆட்டுவது எனக்குத் தெரியும்.

அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தேங்காய் திருகி, முதல் பால், ரெண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, இஞ்சி சாறு விட்டுச் செய்தார். எனக்கு அதை ஊட்ட மனசில்லை. எரிச்சலாக வந்தது. ஒண்ணே கால் மணி நேரம் ஒவ்வொரு வேளையும் உட்கார்ந்து காப்பாற்றினது எதற்கு? அவரிடமே கேட்டுவிட்டேன், "சாவறதுக்குத்தான் துன்னணுமா நைனா?" அக்கா கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். நைனா மோவாயை நெஞ்சில் வைத்தார், நான் சொல்லாமலே. வாயைத் திறந்தார். பத்து ஸ்பூன். நாலு தடவை இருமினார். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார், அது வியாதியின் ஆட்டமா அவரே செய்ததா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அக்காவைப் பார்த்து, பெரிய குற்றம் கண்டுபிடித்த மாதிரி, "உப்பு கம்மி" என்றார்.

வாய்க்கரிசி

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது. உடம்பும் நின்றது. முழித்திருக்கிற அவரை ஆடாமல் நான் பார்த்ததே இல்லை, அதனால் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் காலைக்குள் ஊரிலிருந்து, சென்னையிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். இத்தனை சொந்தம் இருப்பது ஒரு வருஷமும் நாலு மாசமும் எனக்குத் தெரியாது. குவார்ட்டர்ஸ் வாசலில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்து, வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். பச்சரிசி, வறண்ட அரிசி, கை நிறைய. ஒருத்தர் போட்டது வாயோரத்தில் இருக்கும்போதே அடுத்தவர் போட்டார். தலையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். என் கை தானாக அவர் மோவாயைப் பிடிக்கப் போனது, பாதியில் இழுத்துக்கொண்டேன். ஓரமாக நின்றேன். நான் போடுகிற ஆள் இல்லை. அவர்கள் ஜாதி வேறு, எங்கள் காலனி வேறு, சம்பளத்துக்கு வந்தவள்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா குறுக்கே கையை நீட்டி, "அவ யாருன்னு அவளப் போய்க் கூப்பிடுதே?" என்றாள். வரிசை நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, முறத்திலிருந்து அரிசி எடுத்தார். கை நிறைய எடுத்தவர், என்ன நினைத்தாரோ, பாதியைத் திரும்பக் கொட்டினார். அதிலும் பாதியைக் கொட்டினார். கால் ஸ்பூன் அளவுக்கு என் உள்ளங்கையில் வைத்தார். "போடு பிள்ளே. நீ போட்டாத்தான் அவுகளுக்கு எறங்கும்."

ஒருத்தர் வாயில் போடுவதற்கு ஊரே வரிசையில் வருகிறது, இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.